மார்க் ஹாலிஸின் ஒரே தனி ஆல்பம்

லண்டனைச் சேர்ந்த டாக் டாக் குழுவின் பாடல்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் நான், அதன் பாடகர் மார்க் ஹாலிஸ் 1998இல் தன் பெயரையே தலைப்பாக இட்டு வெளியிட்ட தனி ஆல்பத்தை, அந்தக் குழுவின் கதைக்கு ஒரு பின்குறிப்பு என்று நினைத்து ஒதுக்கியே வைத்திருந்தேன். சென்ற வாரம் நள்ளிரவில் அதை முழுவதும் கேட்டபோதுதான் எவ்வளவு பெரிய பிழை செய்திருக்கிறேன் என்று புரிந்தது.

மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அப்படித்தான் கேட்க முடியும். முதல் பாடலில் பியானோ ஒலிப்பதற்கு முன் ஏறக்குறைய 20 நொடிகள் ஒலிநாடாவின் மெல்லிய இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. 1984இல் சிந்தசைசர் இசையால் புகழ்பெற்ற அதே மனிதர், இங்கே மின்கருவி எதையும் தொடவில்லை. பியானோ, கிட்டார், கிளாரினெட், பசூன், புல்லாங்குழல், ஆர்மோனியம் ஆகியவற்றை வாசித்தவர்களை இரண்டே மைக்குகளுக்கு முன்னால் வெவ்வேறு தூரங்களில் அமர்த்தி, ஒலிப்பொறியாளர் ஃபில் பிரவுன் பதிவு செய்திருக்கிறார். எந்தக் கருவி உரக்கக் கேட்க வேண்டும் என்பதை அது மைக்கிலிருந்து இருக்கும் தூரமே தீர்மானிக்கிறது. ஆகவே கண்களை மூடினால் அந்த அறையின் அளவுகூடத் தெரிகிறது.

எட்டுப் பாடல்களில் என்னை மிகவும் உலுக்கியது 'எ லைஃப் (1895–1915)'. முதல் உலகப் போரில் பிரான்சில் காயமுற்று, இருபது வயதில் இறந்த ரோலண்ட் லெய்ட்டன் என்ற கவிஞரை, எழுத்தாளர் வேரா பிரிட்டனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவரை, மனத்தில் வைத்து உருவான பாடல் இது. பாட்டில் அவர் பெயர் வருவதில்லை. வாக்கியமாகத் திரளாத சில சொற்கள், அவற்றுக்கிடையே நீண்ட இடைவெளிகள், எட்டு நிமிடங்களுக்குள் பலமுறை மாறும் நடை, இவ்வளவுதான். ஒரு வாழ்க்கை பாதியில் நின்றுபோனதை இதைவிடக் குறைவாகச் சொல்லி இதைவிட அதிகமாக உணர்த்திய பாடலை நான் கேட்டதில்லை.

ஹாலிஸ் இதற்குப் பின் வேறு ஆல்பம் வெளியிடாமலே 2019இல் மறைந்ததால், பலரும் இதை உலகிலிருந்து விலகிய ஒருவரின் விடைபெறல் என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனி ஆல்பம் என்றால் பாடகரின் குரலை முன்னே கொண்டுவந்து, மற்றவர்களைப் பின்னால் தள்ளுவது வழக்கம். இங்கோ அவர் குரல் கிளாரினெட்டுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் இன்னொரு கருவி மட்டுமே. பசூன் வாசிப்பவர் முடிக்கும்வரை அது காத்திருக்கிறது. குழுவின் ஆல்பங்களில்கூட இத்தனை பேர் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டதாக எனக்குத் தோன்றியதில்லை.