நாற்காலி கவுண்டருக்கு எந்தப் பக்கம்?

நூறு வருடத்துக்கு முந்தைய பெரிய கடைகளின் புகைப்படங்களை இரண்டு நாளாக நிறைய பேர் பகிர்கிறீர்கள். லண்டன், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா. கண்ணாடிக் கூரை, அகலமான மாடிப்படி, இளவேனில் காலத்துப் புது உடைகளை மாட்டிய கண்ணாடி ஜன்னல்கள். "என்ன அழகு, என்ன நாகரிகம்" என்று கமெண்ட்டுகள். அழகுதான், மறுக்கவில்லை. நானும் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆனால் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நான்கு வருடம் சேலை செக்‌ஷனில் நின்றவள் நான். என் கண் நேராகக் கவுண்டருக்குப் பின்னால்தான் போனது. அங்கே நிற்கிற பெண்களுக்கு உட்கார ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

நாற்காலிகள் இருக்கின்றன. வளைந்த மரத்தில் செய்த, முதுகு சாய்க்கிற சின்ன நாற்காலிகள், வரிசையாக. எல்லாம் கவுண்டருக்கு முன்பக்கம். வாங்க வருகிறவர்களுக்கு.

சில வருடங்களாக இந்தக் கடைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ் அமெரிக்காக்காரர். சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட் கடையில் 25 வருடம் வேலை செய்து மேலே வந்தவர். லண்டனுக்குப் போய் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் தன் பெயரிலேயே ஒரு கடை கட்டினார். 1909 மார்ச் 15 அன்று திறப்பு. மார்ச் என்றால் அங்கே குளிர் விலகுகிற நேரம், ஈஸ்டர் பண்டிகைக்கு எல்லோரும் புதுசு எடுக்கிற நேரம். நம் ஊரில் தீபாவளிக்கு முந்தைய மாதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை லண்டன் ஜவுளிக்கடைகளில் சும்மா சுற்றிப் பார்க்க முடியாது. உள்ளே நுழைந்ததும் மேற்பார்வையாளர் ஒருவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்பார், அந்தக் கவுண்டருக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பார். சரக்கெல்லாம் பெட்டிக்குள்ளும் அலமாரிக்குள்ளும் இருக்கும். எதுவும் வாங்காமல் எழுந்துபோவது சங்கடமான காரியம். செல்ஃப்ரிட்ஜ் சரக்கைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். தொட்டுப் பார், போட்டுப் பார், பிடிக்காவிட்டால் போய் வா என்றார். இரவில் கடை பூட்டிய பிறகும் ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. அதே வருடம் ஜூலையில் லூயி பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் கடந்தபோது, அந்த விமானத்தையே கொண்டுவந்து கடைக்குள் வைத்தார். நான்கு நாளில் 1,50,000 பேர் வந்து பார்த்தார்கள்.

பெண்களுக்கு இதனால் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே வந்து, யாரும் ஏன் என்று கேட்காமல் அரை நாள் இருந்துவிட்டுப் போக ஓர் இடம் கிடைத்தது. தேநீர் குடிக்கலாம், கடிதம் எழுதலாம், கழிப்பறைக்குப் போகலாம். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெண்களுக்கான பொதுக் கழிப்பறை லண்டனில் அப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். தி.நகரில் தீபாவளி நேரத்தில் குழந்தையோடு அலைந்த எந்த அம்மாவுக்கும் இதன் அருமை தெரியும்.

சரி, இளவேனில் சரக்குக்கு வருகிறேன்.

1909, 1910-ல் தொப்பிதான் ராஜா. குடை மாதிரி அகலம். அதன்மேல் பட்டு ரிப்பன், துணிப்பூ, இறகு. கொக்கின் மெல்லிய இறகுக்கு இருந்த கிராக்கியில் ஒரு அவுன்ஸ் இறகு ஒரு அவுன்ஸ் தங்கத்தைவிட விலை அதிகமாகப் போனது. குஞ்சு பொரிக்கிற காலத்தில்தான் கொக்குக்கு அந்த இறகு முளைக்கும். தாய்ப்பறவையைச் சுட்டுவிட்டால் கூட்டில் குஞ்சுகளும் பட்டினியில் போய்விடும். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி 1902-லேயே தடை செய்யப்பட்டது. பிரிட்டனில் இறகு இறக்குமதிக்குத் தடை வர 1921 ஆனது. அதற்காக விடாமல் போராடியதிலும் பெண்கள்தான் முன்னால் நின்றார்கள்.

தொப்பிக்கு அடுத்தது கையுறை. இதை நான் படித்துத் தெரிந்துகொண்ட நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல கையுறை ஆட்டுக்குட்டித் தோலில் செய்தது, விரலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். வாங்க வந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையைக் கவுண்டரில் ஒரு சின்னத் திண்டின் மேல் ஊன்றுவார். எதிரே நிற்கிற பெண் ஒரு மர இடுக்கியைக் கையுறையின் ஒவ்வொரு விரலுக்குள்ளும் விட்டு விரித்து, உள்ளே பவுடர் தூவி, அந்த அம்மாவின் விரல் ஒவ்வொன்றாக நுழைத்து, அடிவரை நீவிவிடுவாள். கடைசியில் பெருவிரல், பிறகு மணிக்கட்டுப் பித்தான். சரியில்லை என்றால் கழற்றி அடுத்த ஜோடி. இத்தனையும் குனிந்து நின்றபடி. ஒருவர் எழுந்ததும் அதே நாற்காலியில் அடுத்தவர்.

வீட்டுச் சாமான்களுக்கும் அதுதான் பருவம். குளிர்காலம் முழுக்கக் கரியும் எண்ணெய் விளக்கும் எரிந்து வீடெல்லாம் புகை அப்பியிருக்கும். ஜன்னலைத் திறக்க முடிகிற முதல் வாரத்தில் மொத்த வீட்டையும் கவிழ்த்துச் சுத்தம் செய்வார்கள். அமெரிக்க வீடுகளில் கம்பளி விரிப்பைச் சுருட்டி வெளியே கொண்டுபோய் அடித்துத் தூசி தட்டிவிட்டு, கோடைக்குப் பாய் விரிக்கிற வழக்கம் இருந்தது. அந்தப் பாய் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. லேஸ் திரைச்சீலை, எனாமல் பாத்திரம், துடைப்பம், ஐஸ் கட்டி வைக்கிற மரப்பெட்டி எல்லாம் அப்போதுதான் விற்கும். ஐஸ் பெட்டி என்றால் நம் ஃப்ரிட்ஜின் பாட்டி. மேல்தட்டில் ஐஸ்காரர் கொண்டுவந்து வைக்கிற கட்டி, கீழ்த்தட்டில் பாலும் வெண்ணெயும்.

போர்வை, படுக்கை விரிப்பு, மேஜைத்துணிக்கு ஜனவரி. கிறிஸ்துமஸ் முடிந்து கடை காற்று வாங்குகிற மாதத்தில் வெள்ளைத்துணிகளை மட்டும் விலை குறைத்துப் போட்டார் ஃபிலடெல்ஃபியாவின் ஜான் வானமேக்கர். 1878-ல் ஆரம்பித்தது. நம் ஆடித் தள்ளுபடிக்குப் பின்னால் இருக்கிற கணக்கும் இதுதான்: மந்தமான மாதத்தில் கல்லா ஓட வேண்டும். பாஸ்டனில் ஃபைலீன் கடையின் கீழ்த்தளத்தில் 1909-ல் இன்னொரு முறை வந்தது. 12 நாள் விற்காத சரக்குக்கு 25 சதவீதம் குறையும். 18 நாள் ஆனால் பாதி விலை. 24 நாளில் முக்கால்வாசி குறையும். 30 நாளுக்குப் பிறகும் நின்றால் தர்மத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ரொம்ப நேர்மையான ஏற்பாடு, எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி நாற்காலிக்குப் பின்பக்கம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் துணிக்கடைப் பெண்கள் பலர் கடைக்காரர் கொடுத்த இடத்திலேயே தங்க வேண்டும். கடைக்கு மேலே, இல்லாவிட்டால் பக்கத்துச் சந்தில். ஓர் அறைக்குப் பல கட்டில். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். இரவு இத்தனை மணிக்குக் கதவு அடைபடும், அதற்குள் விளக்கு அணைய வேண்டும். தாமதத்துக்கு அபராதம், பில்லில் பிழைக்கு அபராதம். வந்தவர் வாங்காமல் போனால் அதற்கும் கணக்குக் கேட்பார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சாப்பாட்டு நேரம் சேர்த்து வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1892-ல் சட்டம் போட்டார்கள். வரம்பே 74 மணி! பெரியவர்களுக்கு அந்த வரம்பும் இல்லை.

தென் மாவட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கடை ஹாஸ்டலில் பாய் விரித்த என்னைப் போன்றவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. நான் இருந்த ஹாலில் ஒரே ஒரு ஜன்னல். யார் அதற்குப் பக்கத்தில் படுப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். செல்ஃப்ரிட்ஜ் தன் கடையில் இந்தத் தங்கும் முறையை வைத்துக்கொள்ளவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்று ஒருவர். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 14 வயதில் ஹோவ் என்ற கடலோர ஊரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு லண்டன் கடைகள். இரவு அறையில் எல்லோரும் தூங்கும்வரை காத்திருந்து, மலிவான ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, வெளிச்சம் தெரியாமல் நாற்காலி முதுகில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, கடைப்பெண்களின் நிலையைப் பற்றி எழுதினார். சொந்தப் பெயரில் எழுதினால் வேலை போய்விடும். அதனால் வேறு பெயரில் சங்கப் பத்திரிகைக்கு அனுப்பினார். பின்னால் வேண்டுமென்றே கடை கடையாக வேலைக்குச் சேர்ந்து உள்ளே நடப்பதைக் குறித்துக்கொண்டு வந்து அறிக்கை கொடுத்தார். அதே பெண் 1929-ல் பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர் ஆனார். அந்த நாட்டு அமைச்சரவையில் உட்கார்ந்த முதல் பெண். அந்தத் துண்டு போட்ட நாற்காலியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் உட்காருகிற கதை. 1899-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கடைப்பெண்களுக்கு இருக்கை தருவதற்கென்றே தனியாக ஒரு சட்டம் போட்டது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை வீதம் வைத்தாக வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க்கில் 1891-ல் வாடிக்கையாளர்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஊழியரை ஒழுங்காக நடத்துகிற கடைகளுக்கு வெள்ளைப் பட்டியல் என்று ஒன்று போட்டு, அங்கே மட்டும் வாங்குங்கள் என்றார்கள். முதல் பட்டியலில் தேறியது எட்டே கடைகள். அத்தனை பெரிய ஊரில் எட்டு.

சட்டத்தால் முழுசாக ஆகவில்லை. இருக்கை வந்தது, உட்காரத்தான் பயமாக இருந்தது. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர், சோம்பேறி என்றால் சீட்டு கிழியும். எனக்கு இதைப் படித்ததும் எங்கள் கடையின் கவுண்டர் அடிதான் ஞாபகம் வந்தது. மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் கொஞ்சம் விடும்போது இரண்டு பேர் மறைத்து நிற்போம், ஒருத்தி கீழே குத்துக்காலிட்டு இரண்டு நிமிடம் உட்காருவாள். சூப்பர்வைசர் வந்தால் தொண்டையைச் செருமுவது எங்கள் சிக்னல். ராத்திரி செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் மட்டும் பள்ளமாக இருக்கும், மற்ற இடமெல்லாம் வீங்கியிருக்கும். என் இடது கெண்டைக்காலில் சுருண்டு புடைத்த நரம்பு இன்றைக்கும் இருக்கிறது.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவர் கடைப்பெண்களைச் சேர்த்துக்கொண்டு வருடக்கணக்கில் போராடியதில் 2018-ல் கேரளாவில் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். லண்டனில் வந்து 122 வருடம் கழித்து. அந்தச் செய்தியைப் படித்த அன்று என்னோடு வேலை பார்த்த தோழிக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் பேசாமல் அழுதோம்.

"சேல்ஸ் ஆள் உட்கார்ந்திருந்தால் கஸ்டமருக்கு மரியாதையாக இருக்காது" என்று முதலாளிமார் சொல்வது எனக்குத் தெரியும். இந்த ஒரு வாதத்தைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பேங்க்கில் உட்கார்ந்துதான் பணம் வாங்குகிறார்கள். நகைக்கடையில் உட்கார்ந்து காட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பழைய பாணி ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்துதான் பட்டுச்சேலையை விரித்துக் காட்டுவார்கள், வாங்குகிறவரும் எதிரே உட்கார்ந்துதான் பார்ப்பார். அதில் யாருக்கு மரியாதை குறைந்தது? ஒரு அம்மா நாற்பது சேலை பார்த்துவிட்டு "அப்புறம் வர்றேன்மா" என்று எழுந்து போனால், அந்த நாற்பதையும் மடித்து அடுக்குகிற நேரத்திலாவது அந்தப் பெண் உட்காரட்டும். மடிப்பு கலையாது.

நீங்கள் பகிர்கிற படங்களை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தத் தொப்பிகளை எனக்கும் பிடிக்கும், அந்த லேஸ் திரைச்சீலையை எனக்கும் வீட்டில் மாட்ட ஆசை. அடுத்த முறை பார்க்கும்போது கவுண்டருக்குப் பின்னால் கை கட்டி நிற்கிற பெண்ணையும் ஒரு நிமிடம் பாருங்கள் என்கிறேன். போன வாரம் மகளுக்குச் சுடிதார் எடுக்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தது. சந்தோஷமாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அதன்மேல் நைட்டி பார்சல் இரண்டு, அதற்கு மேல் ஹேங்கர் கட்டு. பக்கத்தில் அந்தப் பெண் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டிருந்தாள். "இதை எங்கேம்மா வைக்கணும்?" என்று கேட்டு நானே பார்சலைத் தூக்கினேன். அவள் முதலில் திரும்பிப் பார்த்தது ஃப்ளோர் கோடியில் நின்ற சூப்பர்வைசரைத்தான்.