ஆட்டுக்குச் சோறு போடுவதற்கு முன்

பெங்களூருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆன பின்னும், பக்ரீதுக்கு முந்தைய நாட்களில் சாமராஜ்பேட்டை ஈத்கா மைதானத்துப் பக்கம் போனால் என் கால்கள் தாமாக நின்றுவிடுகின்றன. மண்டியாப் பக்கத்துக் குட்டையான பன்னூர் ஆடுகளையும், பாகல்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் வந்திறங்கும் உயரமான கிடாக்களையும் பார்க்கும்போது, கிருஷ்ணகிரியில் செம்மறி மேய்த்த என் அப்பாவின் நினைவு வருகிறது. அந்த ஆடுகளை வாங்கிச் செல்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று சென்ற ஆண்டிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பாய் ஒரு நல்ல கிடாயை வாங்கி வந்தார். வீட்டுப் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்து, சோறும் ரொட்டியும் இட்லியும் ஊட்டினார்கள். சதை பிடிக்கட்டும் என்று அவரும் மக்காச்சோளத்தை வாளியில் வைத்தார். மூன்றாம் நாள் அது அசைபோடுவதை நிறுத்தியது, பல்லை நறநறவென்று கடித்தது, புளித்த நாற்றத்தோடு கழிந்தது. மருத்துவர் வருவதற்குள் இறந்துவிட்டது. "நல்லா சாப்பிடுதுன்னுதானே போட்டோம் அண்ணே" என்று பாய் அழுததை மறக்க முடியவில்லை. அந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவே இல்லை. ஆட்டின் வயிற்றுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

செம்மறியின் வயிற்று அறைகள் நான்கில் மிகப் பெரியதான பெருவயிறு, காற்றில்லாத ஒரு நொதித்தொட்டி. அதிலுள்ள நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு ஒருசெல் உயிரிகளும் பூஞ்சைகளும் உண்டு. ஆட்டால் தானாகச் செரிக்க முடியாத நார்ப்பொருளை இவை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. ஆட்டுக்குத் தேவையான ஆற்றலில் ஏறக்குறைய 70 விழுக்காடு அந்த அமிலங்களிலிருந்தே கிடைக்கிறது. நாரை உடைக்கும் ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அமிலத்தன்மை மிகாத சூழலில்தான் பிழைக்கும். சோளத்தட்டையும் புல்லையும் நெடுநேரம் அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீர் அந்தச் சூழலைக் காக்கிறது. சோற்றுக்கு அசைபோடும் வேலையே இல்லை. அதன் மாவுச்சத்து கிடைத்தவுடன் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் போன்ற வேறு பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பல்கிப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 5-க்கும் கீழே இறங்கும்போது, நாரைச் செரிக்கும் கூட்டம் மடிகிறது, வயிற்றுச் சுவர் புண்ணாகிறது, அமிலம் இரத்தத்திலும் ஏறுகிறது.

அப்பா புதுத் தீனியைப் பழைய தீனியோடு கலந்து, இரண்டு மூன்று வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார். காரணம் கேட்டால் "வயிறு பழகணும்" என்பார். பழகுவது வயிறு மட்டுமன்று, அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமும்தான் என்பதை நான் பின்னாளில் படித்தே அறிந்தேன். 1975-இல் கோலின் ஆர்ப்பின் என்ற ஆய்வாளர் செம்மறியின் பெருவயிற்றில் நீந்திக்கொண்டிருந்தவற்றை ஆராய்ந்து, அதுவரை ஒருசெல் விலங்குகள் என்று கருதப்பட்ட சில, பூஞ்சைகளின் வித்துகள் என்று காட்டினார். தடித்த தண்டைத் துளைத்து உட்புகும் அந்தப் பூஞ்சைகளுக்கு வேலை கொடுப்பது சோளத்தட்டும் கேழ்வரகுத் தாளுமே.

தழையும் நுண்ணுயிரும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு நம் ஊர்ச் சூபாபுல் மரம் நல்ல சான்று. அதன் இலையிலுள்ள மைமோசின் என்ற நஞ்சு ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு முடியுதிர்வையும் கழுத்துக் கழலையையும் தந்தபோது, ஹவாய்த் தீவின் வெள்ளாடுகள் அதே இலையைத் தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அவற்றின் வயிற்று நுண்ணுயிர்களை எடுத்து ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குச் செலுத்தியபின் அந்த நஞ்சு அவற்றையும் வாட்டவில்லை. அந்த வேலையைச் செய்த பாக்டீரியாவுக்கு 1992-இல் அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள். இலை ஒன்றுதான், உள்ளே குடியிருப்பவர் மாறியதும் நஞ்சு தீனியாகிவிட்டது.

தேர்ந்தெடுக்க விட்டால் ஆடு தானே கலந்து தின்னும் என்பது என் உறுதியான கருத்து. புல்லும் குளோவர் என்னும் பயறுவகைத் தழையும் அடுத்தடுத்து இருந்த நிலத்தில் மேயவிட்டபோது, செம்மறிகள் குளோவரை ஏறக்குறைய 70 விழுக்காடு தின்றாலும் புல்லை விட்டுவிடவில்லை என்றும், மாலையில் புல்லைக் கூடுதலாக நாடின என்றும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நகரத்தில் கயிற்றில் கட்டிய ஆட்டுக்கு அந்த வாய்ப்பே கிடையாது; நாம் வைப்பதைத்தான் அது தின்ன வேண்டும். ஆகவே, தெருவில் கட்டுக்கட்டாக விற்கும் பலா இலையைக்கூட முதல் நாளே வயிறு முட்டப் போடாமல், உலர்ந்த தட்டோடு சிறிது சிறிதாகத் தருவதே நல்லது என்பேன். அசைபோடுவது நின்றால் கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.

வாங்கும் இடத்திலேயே ஒரு கேள்வி கேட்டால் பாதிச் சிக்கல் தீரும்: "இத்தனை நாளும் இது என்ன தின்றது?" சோளத்தட்டா, கடலைக்கொடியா, வெறும் மேய்ச்சலா என்று கொண்டுவந்தவருக்குத் தெரியும், அதிலேயே நான்கைந்து நாளுக்கு ஆகும் அளவை அவர் ஆட்டோடு சேர்த்து விற்கலாம், நாமும் தயங்காமல் காசு கொடுக்கலாம். இந்த முறை ஆடு வாங்கப் போகும்போது பாய் என்னையும் வரச்சொல்லியிருக்கிறார். வயதறிய அவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன், நான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேன்.