அழைப்பு இருந்தால்தான் கதைக்குள் வரலாமா?

ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பலர் மாறி மாறி ஒரே கதையை எழுதிச் செல்லும் ரோல்பிளே குழுக்களில் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். அத்தகைய குழுவில் யார் வேண்டுமானாலும் சேரலாமா, அழைக்கப்பட்டவர் மட்டும்தான் சேரலாமா என்ற வழக்கு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நாங்கள் வைத்திருக்கும் சர்வரில் இந்த வாரம் மறுபடி எழுந்தது. அங்கே இரண்டு வரியில் சொன்னதை, கோத்தகிரியில் மழை விடாத இந்த மாலையில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் தொடங்கியது திறந்த குழுவாகத்தான். கதை நடக்கும் ஆண்டு 1908; குன்னூரோடு நின்றிருந்த மலை ரயில் உதகையை எட்டிய ஆண்டு அது. தேயிலைத் தோட்டக் கணக்குப்பிள்ளை வீட்டில் நடந்த திருட்டை மூன்று வாரம் பொறுமையாக வளர்த்துக்கொண்டு வந்தோம். ஒருநாள் நள்ளிரவில் நுழைந்த ஒருவர், தம்முடைய மந்திரவாதி குன்னூர் ரயில் நிலையத்தையே எரித்துவிட்டதாக எழுதிவிட்டுப் போனார், பிறகு வரவேயில்லை. (1908-இல் மந்திரவாதி எங்கிருந்து வந்தான் என்று கேட்கக்கூட ஆள் அகப்படவில்லை.) இன்னொருவர், என் கதாபாத்திரம் அழுது மன்னிப்புக் கேட்டதாகத் தாமே எழுதினார். பிறருடைய பாத்திரத்தை அவர் ஒப்புதலின்றி ஆட்டுவிப்பது இந்த எழுத்தில் பெருங்குற்றம் என்பதைப் புதியவருக்குச் சொல்ல வாசலில் யாரும் இல்லை.

வெறுத்துப்போய், அதே கதையை ஏழு பேர் மட்டும் இருந்த மூடிய குழுவுக்கு எடுத்துச் சென்றோம். எழுத்து செம்மையானது, மறுக்கவில்லை. ஸ்னூக்கர் விதிகள் 1882-இல் உறுப்பினர்களுக்கு மட்டுமான ஊட்டி கிளப்பில் வகுக்கப்பட்டன என்று பெருமை பேசும் ஊர்க்காரர்கள் நாங்கள். மூடிய அறையின் அருமை எங்களுக்குத் தெரியாதா? ஆனால் இருவருக்கு வேலை கிடைத்தது, ஒருவர் தேர்வுக்குப் படிக்கப் போனார், கதை பாதியில் நின்றது. அதைவிட என்னை உறுத்தியது வேறு: ஏழு பேரில் ஆறு பேர் ஒரே கல்லூரி. அழைப்பு எப்போதும் தெரிந்தவர் வழியாகவே போகிறது. கூடலூர்ப் பக்கம் தோட்ட லைன் வீட்டில் இருந்துகொண்டு எங்களைவிட நன்றாக எழுதக்கூடிய ஒரு பெண்ணுக்கு எங்கள் லிங்க் எந்த வழியில் போய்ச் சேரும்?

1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த, பலர் எழுத்து வழியே சேர்ந்து ஆடும் 'மட்' என்ற கணினி விளையாட்டில்கூட, கணினிக்கு வேலை குறைந்த இரவு நேரங்களில் வெளியாட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 2024 மே 7 முதல் நம் நீலகிரி மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தபோதும், வருகிறவர் யார், எத்தனை பேர் என்று அறிவதுதான் முதல் நோக்கமாக இருந்தது. எனக்கு வேண்டியதும் அவ்வளவே. கதையை எவரும் படிக்கலாம். எழுத விரும்புகிறவர் ஒரு சிறு காட்சியை எழுதி அனுப்பட்டும், இரண்டு நாளுக்குள் குழுவில் இருவர் படித்துப் பதில் சொல்லட்டும், முதல் வாரம் அவருடைய பாத்திரம் கிளைக்காட்சிகளில் மட்டும் வரட்டும். பதில் சொல்லும் அந்த வேலையை ஏற்க எவருக்கும் மனமில்லாததால்தான் "அழைப்பு மட்டும்" என்று பலகை மாட்டிவிடுகிறோம் என்பது என் எண்ணம். நான் ஏற்கிறேன் என்று சர்வரில் எழுதியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை வீட்டுத் திருடன் இன்னும் அகப்படவில்லை. குன்னூர் நிலைய அதிகாரியை எழுதிவந்தவர் விலகிவிட்டதால் அந்த இடமும் காலியாகத்தான் இருக்கிறது.