எண்ணியது தாவீது, செத்தது 70,000 பேர்

வேதாகமத்தில் 2 சாமுவேல் 24-ஐ முதலிலிருந்து கடைசிவரை எடுத்துப் பிரசங்கித்த ஒருவரையும் நான் கேட்டதில்லை. கடைசிப் பகுதியை மட்டும் பலமுறை கேட்டிருக்கிறேன். அர்வனா என்பவன் தன் போரடிக்கும் களத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்கிறான். தாவீது ராஜா மறுத்து, 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்குகிறான். செலவில்லாமல் கர்த்தருக்குப் பலியிட மாட்டேன் என்கிறான். காணிக்கை ஞாயிறுக்கு இதைவிடத் தோதான பகுதி கிடைக்காது. ஆனால் தாவீது அந்தக் களத்துக்கு ஏன் போக வேண்டி வந்தது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கதை இதுதான். கர்த்தருக்கு இஸ்ரவேல்மேல் கோபம் மூளுகிறது. ஏன் கோபம் என்று அதிகாரத்தில் இல்லை. ஜனங்களை எண்ணச் சொல்லி தாவீது ஏவப்படுகிறான். படைத்தலைவன் யோவாப் 'ராஜாவே, இந்த வேலை எதற்கு?' என்று கேட்கிறான். அப்னேர், அமாசா என்ற இரண்டு படைத்தலைவர்களைக் குத்திக் கொன்ற அதே யோவாபுக்கே இது சரியாகப் படவில்லை என்பதைக் கவனியுங்கள். தாவீது கேட்கவில்லை. 9 மாதம் 20 நாள் ஊர் ஊராக எண்ணுகிறார்கள். பட்டயம் பிடிக்கிறவர்கள் இஸ்ரவேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம் என்று கணக்கு வருகிறது. எண்ணி முடித்த பிறகுதான் ராஜாவுக்கு மனம் வாதிக்கிறது. காத் தீர்க்கதரிசி வந்து மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொள் என்கிறார்: 7 வருஷம் பஞ்சம், 3 மாதம் சத்துருக்களுக்கு முன் ஓட்டம், 3 நாள் கொள்ளைநோய். இதில் நேராகத் தாவீதின் தலையில் விழக்கூடியது நடுவில் உள்ளது ஒன்றுதான். 'மனுஷர் கையிலே விழவேண்டாம், கர்த்தருடைய கையிலே விழுவோம்' என்கிறான். கேட்க எவ்வளவு பக்தியாக இருக்கிறது! வடகோடி தாண் முதல் தென்கோடி பெயெர்செபா வரை 70,000 பேர் சாகிறார்கள்.

இதற்கு விளக்கம் கேட்டால் யாத்திராகமம் 30-ஐக் காட்டுவார்கள். ஜனங்களை எண்ணும்போது வாதை வராதபடி தலைக்கு அரைச்சேக்கல் மீட்கும் பணம் கொடுக்கவேண்டும் என்ற கட்டளை அங்கே இருக்கிறது. தாவீது அதைச் செய்யவில்லை என்பார்கள். இன்னும் சிலர் பெருமை என்பார்கள், படைபலத்தை நம்பினான் என்பார்கள். இருக்கட்டும். இதெல்லாம் தாவீது ஏன் குற்றவாளி என்பதற்கான பதில். நான் கேட்பது வேறு. தாணில் தன் வயலில் நின்றுகொண்டிருந்தவன் என்ன செய்தான்? வந்து எண்ணினார்கள், எண்ணப்பட்டான். அவ்வளவுதானே?

இந்தக் கேள்வியை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அதே அதிகாரம் 17-ஆம் வசனத்தில் தாவீதே கேட்கிறான். பாவம் செய்தது நான், 'இந்த ஆடுகள் என்ன செய்தது?' உம்முடைய கை எனக்கும் என் தகப்பன் வீட்டுக்கும் விரோதமாயிருக்கட்டும் என்கிறான். அவன் வாயிலிருந்து வந்ததிலேயே நேர்மையான வார்த்தை இதுதான் என்பேன். இதற்குப் பதில் வரவில்லை. களத்தில் பலிபீடம் கட்டச் சொல்லி உத்தரவு வருகிறது, வாதை நிற்கிறது, கேள்வி அப்படியே கிடக்கிறது. இதற்கு முந்தின வசனத்திலேயே கர்த்தர் மனஸ்தாபப்பட்டு, அதாவது மனம் வருந்தி, வாதையைக் கொண்டுவந்த தூதனிடம் 'போதும்' என்று சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். எனக்கு அது ஆறுதலா, இன்னும் கஷ்டமா என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்தக் கதை வேதத்துக்குள்ளேயே ஒருவரை உறுத்தியிருக்கிறது. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு இதே கதையைத் திரும்ப எழுதியவர், 1 நாளாகமம் 21-இல், தாவீதை ஏவிவிட்டது சாத்தான் என்று எழுதுகிறார். சாமுவேலில் கர்த்தரின் கோபம் இருந்த இடத்தில் இங்கே சாத்தான். இதனால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. கொள்ளைநோயை அனுப்புவது அங்கேயும் கர்த்தர்தான், சாவதும் அதே 70,000 பேர்தான். ஆனாலும் ஒரு பக்தன் இந்தக் கதையை இப்படியே விட்டுப்போக மனமில்லாமல் கை வைத்திருக்கிறான். வேதத்தைத் தொகுத்தவர்கள் ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை வைத்திருக்கலாம். இரண்டையும் வைத்தார்கள்.

இப்படி இன்னும் இருக்கிறது. பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்கிறது யாத்திராகமம் 20. பிதாக்கள் திராட்சக்காய் தின்றால் பிள்ளைகளுக்குப் பல் கூசும் என்ற பழமொழியை இனி நீங்கள் சொல்லவே கூடாது, பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும் என்கிறது எசேக்கியேல் 18. நான்காம் நூற்றாண்டில் நீசாவின் ஆயர் கிரகோரி மோசேயின் வாழ்க்கையை எழுதும்போது, எகிப்தின் தலைச்சன் பிள்ளைகள் செத்த இடத்தில் நின்றுவிடுகிறார். அநியாயம் செய்தவன் எகிப்தியன், தண்டனை நேற்றுப் பிறந்த குழந்தைக்கா, இதில் நீதி எங்கே என்று கேட்டு, இதே எசேக்கியேலைத்தான் எடுத்து வைக்கிறார். அப்புறம் அந்தக் கதையை ஆவிக்குரிய உருவகமாகப் படிக்கப் போய்விடுகிறார். எனக்கு அந்த வழி அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் அவர் கேட்டதற்காகச் சபை அவரைத் துரத்தவில்லை, பரிசுத்தவான் என்றுதான் வைத்திருக்கிறது. துரத்தப்பட்டவன் மார்சியோன். பழைய ஏற்பாட்டின் தேவன் வேறொருவர், அவரே வேண்டாம் என்று கத்தரித்துப் போட்டவன். 144-இலேயே ரோம சபை அவனை வெளியேற்றியது. இன்றைக்கு 'இயேசு மட்டும் போதும், பழைய ஏற்பாடு எதற்கு' என்று சொல்கிற தம்பிமார் அந்த வழியில்தான் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சரி, பழைய கதைதானே என்று விட்டுவிடலாம் என்றால், ஊரில் ஒரு சாவு விழுந்ததும் இது எழுந்து வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பைக் விபத்தில் பையன் போய்விட்டான். ஆறுதல் சொல்ல வந்தவர் ஜெபிக்கும்போது, 'இந்த வீட்டில் மறைந்திருக்கிற பாவத்தை வெளிப்படுத்தும் ஆண்டவரே' என்று ஒரு வரி சேர்த்தார். ஆமென் சொல்லி எல்லாரும் காப்பி குடிக்கப் போனார்கள். அந்த அம்மா மட்டும் பாயில் உட்கார்ந்து தன் தங்கச்சியிடம், 'என்ன பொருத்தனைய விட்டேம்னு தெரியலையே' (பொருத்தனை என்றால் நேர்த்திக்கடன்) என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெபித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

2004 சுனாமியிலும் இதே பேச்சு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. அதையும் தண்டனை என்று பேசினவர்கள் இருந்தார்கள்.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரி 15 பீகாரில் நிலநடுக்கம், பத்தாயிரத்துக்கும் மேல் சாவு. தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, 24-ஆம் தேதி எங்கள் திருநெல்வேலியில்தான் அது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசினார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவரோடு நின்ற தாகூரே எழுதி மறுத்தார். இதே வாதத்தைத் திருப்பி, நிலநடுக்கத்துக்கு நீங்களும் உங்கள் இயக்கமும்தான் காரணம் என்று எதிராளிகள் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்பது அவர் வாதத்தில் ஒன்று. காந்தி அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் இதழிலேயே போட்டார், தன் கருத்தை மட்டும் விடவில்லை. காந்தி 'நாம் செய்த பாவம்' என்றார், அந்த மட்டில் அவருக்கு மரியாதை. ஆனால் பாவம் செய்த 'நாம்' திருநெல்வேலிக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க, செத்தவர்கள் முங்கேரிலும் முசாபர்பூரிலும் இருந்தார்கள். தீண்டாமையை அனுபவித்தவர்களும் அந்த இடிபாட்டுக்குள் இருந்திருப்பார்கள்தானே. தாவீது கதைதான் மறுபடியும்.

இப்படி எழுதினால் உடனே பவுல் எழுதிய ரோமர் 9 வரும்: 'மனுஷனே, தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?' அழியவிருந்த சோதோமுக்காக, 50 நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கி 10 பேர் வரை கர்த்தரோடு பேரம் பேசின ஆபிரகாமிடமும் இதைக் கேட்பீர்களா? யோபுவின் துன்பத்துக்கு அவன் பாவமே காரணம் என்று அவன் சிநேகிதர்கள் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளுக்காக வாதாடினார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள்மேல்தான். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்றார். மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கு. செத்தவர்களின் வீட்டுக்குப் போய்ச் சொன்னதல்ல.

அப்படியானால் நியாயத்தீர்ப்பே வேண்டாம் என்கிறாயா? இல்லை. தீர்க்கதரிசி ஆமோஸை நான் விடமாட்டேன். கள்ளத்தராசு பிடிக்கிறவன்மேலும், எளியவனை ஒரு ஜோடு செருப்புக்கு விற்கிறவன்மேலும் வருகிற அந்தக் கோபம் இல்லாத கடவுள் எளியவனுக்கு எதற்கு? உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைக் கொல்லவைத்த தாவீது ராஜாவின் முகத்துக்கு நேரே தீர்க்கதரிசி நாத்தான் 'நீயே அந்த மனுஷன்' என்றானே, அது நியாயத்தீர்ப்பு. அங்கேயும் ஏழாம் நாளில் செத்தது அந்த உறவில் பிறந்த குழந்தை. அந்த இடத்தில் எனக்கு விளக்கம் இல்லை. இருப்பதுபோல் பேசுகிறவர்களை நம்பவும் முடியவில்லை.

வேறு வாசிப்பு யாரிடமாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். யாத்திராகமம் 30-ஐ மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள், அதைப் படித்தாயிற்று.