புரண்டுகொண்டே கிடந்தால் தூக்கம் வராது

"தூக்கம் வரலைன்னாலும் எழுந்திருக்காதீங்க, கண்ணை மூடிப் படுத்தே கிடங்க, தானா வந்துடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என்றோ ஒரு நாள் என்றால் சரி. கவலையால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டவர்களுக்கு இது நேர்மாறாகத்தான் வேலை செய்யும். தினமும் விழித்தபடி புரண்டால், படுக்கை என்பது யோசிக்கிற இடம் என்று மூளை பழகிவிடும். சோபாவில் சொக்கி விழுகிறவர் கட்டிலில் தலை சாய்த்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்வது இதனால்தான்.

சுமார் 20 நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். தோன்றினால் போதும், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பார்த்தால் 'இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு' என்ற கணக்கு தொடங்கிவிடும். மங்கிய வெளிச்சத்தில் சுவாரஸ்யமில்லாத எதையாவது படியுங்கள். போன் வேண்டாம். கண் சொக்கினால் மட்டும் (வெறும் அசதி வேறு, சொக்கல் வேறு) திரும்பிப் படுங்கள். மறுபடியும் வரவில்லையா, மறுபடியும் எழுந்திருங்கள். எப்போது தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மாறக்கூடாது. முதல் வாரம் பகலெல்லாம் அசதி அடிக்கும். பலர் விட்டுவிடுவது அங்கேதான்.

கவலைக்குத் தனி வழி: படுக்குமுன் 5 நிமிடம் நாளைய வேலைகளைத் தாளில் எழுதுங்கள். 'கடன்' என்று ஒற்றைச் சொல் எழுதிப் பயனில்லை. 'காலை 10 மணி, வங்கிக்குப் போன், தவணைத் தேதி கேட்கணும்' என்கிற அளவுக்கு வேண்டும்.

தூக்கம் வராத சிக்கல் வாரம் 3 இரவு வீதம் 3 மாதம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.