முதலில் இடத்தைக் காட்டுங்கள்

செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோர்ட் உத்தரவு என்று சொல்லி லாரி வந்தது, நடைபாதையில் விற்கிறவர்களின் பெஞ்சும் தார்ப்பாயும் மூட்டைகளும் அதில் ஏறின, அரை மணி நேரத்தில் நடைபாதை காலி. ‘தெரு சுத்தமாச்சு’ என்று எங்கள் கடைக்காரர்கள் சங்கக் குரூப்பில் போட்டிருந்தார்கள். நான் கீழே ஒரே வரி கேட்டேன்: ‘நோட்டீஸ் கொடுத்தார்களா?’ அதற்காக என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். 22 வருடமாகச் சந்தா கட்டுகிறேன். ‘நீ கடைக்காரனா, பிளாட்பாரக்காரனா, முடிவு பண்ணிக்கோ’ என்று எழுதியவர் என் கல்யாணப் பந்தியில் இலை போட்டுப் பரிமாறியவர்.

நான் கடைக்காரன்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் நூல், பட்டன், ஃபால்ஸ், லைனிங் துணி விற்கிற சின்னக் கடை. வாடகை கட்டுகிறேன், ஜி.எஸ்.டி. கட்டுகிறேன். எதையும் கட்டாமல் தத்துவம் பேசுகிறேன் என்று நினைப்பவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். முதலில் இடத்தைக் காட்டுங்கள், அப்புறம் எடுங்கள். இது என் கருணை இல்லை, சட்டம். 2014-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சாலையோர வியாபாரிகள் சட்டம். அதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கணக்கெடுப்பு, அப்புறம் சான்றிதழ். அந்தக் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கையில் கிடைக்கும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. அதன் பிறகு இடம் மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் நோட்டீஸ். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதில் கருத்துச் சொல்ல நகர விற்பனைக் குழு வேண்டும். அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் சாலையோர வியாபாரிகளே தேர்ந்தெடுத்த ஆட்கள் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் லாரிதான் முதலில் வந்தது.

‘கோர்ட்டுக்குப் போய் வாங்கின உத்தரவு, நீ யார் பேச?’ என்று கேட்கிறார்கள். கோர்ட்டை நான் மதிக்கிறேன். 1989-ல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மதிக்கிறேன். தெருவில் விற்பது அரசியலமைப்பு கொடுத்த தொழில் உரிமை, ஆனால் இன்ன இடம்தான் வேண்டும் என்று யாரும் உரிமை கேட்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. இரண்டாவது பாதியை மட்டும் மனுவில் எழுதிக்கொண்டு போனால் எப்படி? ஒழுங்குபடுத்து என்பது வேறு, வாரிக்கொண்டு போ என்பது வேறு.

‘ஆம்புலன்ஸ் போக முடியவில்லை.’ உண்மை. தீபாவளி சமயத்தில் நானே அந்தக் கூட்டத்தில் சிக்கியிருக்கிறேன். ஆனால் கொஞ்சம் நம் வாசலையும் பார்ப்போம். நடைபாதைக்கு மேல் ஏற்றிக் கட்டிய படிக்கட்டு யாருடையது? சேலை கட்டிய பொம்மைகள் யாருடையவை? ஜெனரேட்டர், கடைப் பையன்களின் பைக்குகள்? லாரி எங்கள் படிக்கட்டைத் தொடவில்லை. படிக்கட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களைத்தான் தொட்டது.

உள்வாடகைக்கு விடுகிறார்கள், ரவுடி மாமூல் என்றும் சொல்கிறார்கள். இருக்கிறது. அதற்கும் மருந்து அந்தச் சான்றிதழ்தான். யார் பெயரில் இடம் என்று எழுதிவிட்டால் மாமூல்காரனுக்கு அங்கே என்ன வேலை?

இன்னொன்று சொல்கிறேன், இதைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவதில் நேர்மை இல்லை. என் கடைக்கு முன்னால் ஜாக்கெட் பிட்டும் உள்பாவாடையும் விற்கிற ஆயாவிடம் நானும் பணம் வாங்கியிருக்கிறேன். பல்பு போட்டுக் கொடுத்ததற்குக் கரண்ட் காசு என்று பெயர், தினம் 30 ரூபாய். ஒரு பல்பு 30 ரூபாய்க்கு எரியாது என்று எனக்குத் தெரியும். பொது இடத்துக்கு நான் வாடகை வாங்கினேன். கொரோனாவுக்குப் பிறகுதான் நிறுத்தினேன். அப்போது அரசாங்கமே ‘நீங்கள் வியாபாரிகள்’ என்று ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் கடன் கொடுத்தது. ஆயாவும் வாங்கினார். தண்டல்காரன் கணக்கை அடைத்துவிட்டு வந்து, ‘பேங்க்ல என் பேரு இருக்குது நைனா’ என்று சீட்டைக் காட்டினார்.

அவர் என் வியாபாரத்தைக் கெடுத்தாரா? ஆயாவிடம் பிட் எடுக்கிற பெண்கள் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டே என் படியேறி, அதே நிறத்தில் நூலும் லைனிங்கும் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து என் கல்லாவைப் பார்க்கிறேன். தெரு சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆளைத்தான் காணோம்.

கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தையை 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்களே, கடைகளைக் கட்டிவிட்டுத்தானே மாற்றினார்கள்? பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே சாலையோரத்தில் இடம் கொடுத்த ஊர்தானே இது? பர்மா பஜார் இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கு முடிந்தது, ஜாக்கெட் பிட் விற்கிற கிழவிக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

என் அப்பா பாரிமுனையில் பிளாட்பாரத்தில் கர்சீப்பும் ரிப்பனும் விற்றவர். அந்தக் காசில் வந்ததுதான் இந்தக் கடை. ஒருமுறை அவருடைய சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மழை, அதனால் சீக்கிரம் மூடிவிட்டேன் என்றார். அப்போது எனக்கு ஒன்பது வயது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, தட்டை எடுத்து வைத்தார். அதனால் ‘நீ பிளாட்பாரக்காரனா’ என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம் அண்ணே, பிளாட்பாரக்காரன்தான். நீங்களும்தான். உங்கள் தாத்தா தலையில் துணி மூட்டை சுமந்து விற்ற கதையை உங்கள் கடைத் திறப்பு விழாவில் நீங்கள்தான் மைக் பிடித்துச் சொன்னீர்கள்.

பிடித்த சரக்குக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கெடாத பொருளைக் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள், கெடும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அதே சட்டத்தின் 19-வது பிரிவு. ஆயாவுக்குப் பட்டியல் கிடைக்கவில்லை. புதன்கிழமை காலையிலேயே போய்க் கேட்டார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மூட்டை, ஒரு பெஞ்ச், ஒரு மீட்டர் கோல். மூன்று நாளும் நடந்தார், ‘நாளைக்கு வா’ என்றார்கள். மீட்டர் கோல் போனதில்தான் அவருக்கு அழுகை வந்தது, அது அவர் புருஷனுடையது.

நாளைக்கு நான் கூடப் போகிறேன். அந்தப் பிரிவைத் தமிழில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும், நூல் வாங்க வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். குரூப்பிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் ஒன்பது மணிக்குக் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நிற்போம்.