இந்துப்பு போட்டா பிரஷர் ஏறாதா? உண்மை இல்லீங்க

"இந்துப்பு எவ்வளவு வேணா போட்டுக்கலாம், பிரஷர் ஏறாது, ஹார்ட் அட்டாக் வராது"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, தயவுசெஞ்சு நம்பாதீங்க. இந்துப்புலயும் 95 சதவீதத்துக்கு மேல அதே சோடியம் குளோரைடுதான், ரோஸ் கலர் வர்றது துளியூண்டு இரும்புச்சத்தால, அவ்ளோதான். சோடியம் எந்த உப்புல இருந்து வந்தாலும் உடம்புல தண்ணிய பிடிச்சு வச்சு ரத்த அழுத்தத்தை ஏத்தும், அந்த அழுத்தம் வருஷக்கணக்கா இருந்தா இதயம், மூளை, கிட்னின்னு எல்லாத்தையும் பதம் பார்க்கும், உலகத்துலயே அதிகம் பேர் சாகறது இதய நோயாலதான். உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்கும் கம்மி, அதாவது ஒரு டீஸ்பூன்கூட முழுசா கிடையாது, இதுல ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர்ல இருக்கறதும் சேர்த்துதான்!

இன்னொண்ணு, இந்துப்புல பெரும்பாலும் அயோடின் சேர்க்கறதில்ல, வயித்துல வளர்ற குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு அயோடின் வேணும், அதனால கர்ப்பிணிங்க இருக்கற வீட்ல இதை கண்டிப்பா யோசிக்கணும்.

எங்க பெரியம்மா வீட்ல அடுப்பு பக்கத்துல புதுசா ரோஸ் உப்பு டப்பா, ஷெல்ஃப்ல பிரஷர் மாத்திரை அட்டை பத்து நாளா தொடாம கெடக்கு, பாத்ததும் பதறிப்போச்சு. டாக்டர்கிட்ட கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்க, ப்ளீஸ்.